நாகர்கோவில் நிழலும் தில்லி நிழலும்: இரு ஊர் வகுப்பறைகள் இணையவழியில் சேர்ந்து கற்பதற்கு ஒரு வழிகாட்டி

வேறு ஊரிலுள்ள ஒரு வகுப்போடு தம் வகுப்பை இணைத்துப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர்கள் பெரும்பாலும் காணொளி அழைப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு நாள் குறிக்கப்படுகிறது. இரு பக்கமும் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து வணக்கம் சொல்கிறார்கள். ஊர்ச் சிறப்பு பேசப்படுகிறது. ஒரு பாட்டு, ஒரு நடனம், கடைசியில் எல்லோரும் கையசைக்கிறார்கள். மறுநாள் காலையில் இரு வகுப்புகளும் தத்தம் பாடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த அழைப்பு நடக்காமலே போயிருந்தாலும் எந்த மாணவருடைய குறிப்பேட்டிலும் ஒரு வரிகூடக் குறைந்திருக்காது.

இக்கட்டுரை வேறொரு வழியைப் பரிந்துரைக்கிறது. மறுபக்கத்து வகுப்பு தரவேண்டியதைத் தந்தால்தான் நம் வகுப்பின் வேலை முடியும் என்ற நிலையை முதலில் உண்டாக்கிவிட வேண்டும். கருவிகள், அழைப்புகள், செயலிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த எண்ணம் இணையத்துக்கு முந்தியது. 1920களில் பிரான்சில் செலஸ்தென் ஃப்ரெனே என்ற ஆசிரியர், தம் மாணவர்கள் தாங்களே அச்சுக்கோத்த தாள்களை வேறொரு பகுதியின் பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார். அங்கிருந்து வந்த தாள்கள் இவருடைய வகுப்பின் வாசிப்புப் பாடமாயின. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர், பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்து, மற்றவர்களிடம் கேட்டறியாமல் முழுப் பாடமும் கைக்கு வராதபடி வகுப்பை அமைத்தார். 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைக்கும் முயற்சியாகத் தொடங்கிய ஐயேர்ன் அமைப்பும், 2005இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய இ-ட்வின்னிங் திட்டமும் பள்ளிகளுக்கிடையிலான கூட்டுப் பணிகளை இணையத்துக்குக் கொண்டுவந்தன.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரே பணியை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திக் காட்டுவது புதியவர்களுக்குப் பயன்படும். எட்டாம் வகுப்புக்கு ஏற்ற ஒரு பணியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: நாகர்கோவிலில் ஒரு வகுப்பும் தில்லியில் ஒரு வகுப்பும் ஒரே நாள் நண்பகலில் ஒரு குச்சியின் நிழலை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிடுவது.

முதற்படி: தனியே முடிக்க முடியாத பணி

ஒரு பணி கூட்டுக் கற்றலுக்கு ஏற்றதா என்று சோதிக்க ஒரு கேள்வி போதும். மறுபக்கத்து வகுப்பு பாதியில் விலகிவிட்டால் நம் வேலை நின்றுபோகுமா? "எங்கள் ஊர்த் திருவிழாக்கள்" என்ற தலைப்பில் இரு பக்கமும் சுவரொட்டி செய்தால், ஒரு பக்கம் விலகினாலும் மறுபக்கத்துச் சுவரொட்டி குறைவின்றி முடிந்துவிடும். பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம். ஆனால் அதில் கூட்டு என்று எதுவும் இல்லை.

நிழல் கணக்கு அப்படிப்பட்டதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ், தெற்கே இன்று அஸ்வான் எனப்படும் சயீன் நகரில் கோடையின் மிக நீண்ட பகலன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதை அறிந்திருந்தார். அதே நாள் நண்பகலில் அலெக்சாண்ட்ரியாவில் சூரியன் உச்சியிலிருந்து ஒரு முழு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, விலகியிருந்தது. இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட 5,000 ஸ்டேடியம் (பண்டைய கிரேக்க நீள அளவு) தொலைவை 50ஆல் பெருக்கிப் பூமியின் சுற்றளவை அவர் சொன்னார். இரண்டு ஊர், இரண்டு கோணம், ஒரு தொலைவு: இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விடை வராது. நாகர்கோவில் மாணவர்கள் எவ்வளவு கவனமாக அளந்தாலும், தில்லியிலிருந்து எண் வந்து சேரும்வரை அவர்களிடம் இருப்பது ஒரு குச்சியின் நிழல் நீளம் மட்டுமே.

இரண்டாம் படி: இணைவகுப்பைத் தேடுதல்

இந்தப் பணிக்கு இரு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில், ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்றாக, இருப்பது வசதி. நாகர்கோவில் கிழக்கு 77.4 பாகையில் இருக்கிறது, தில்லி 77.2 பாகையில். இடையில் கோயம்புத்தூர், பெங்களூரு, போபால் ஆகிய நகரங்களும் 77 பாகையை ஒட்டியே வருகின்றன. தில்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்திவருவதால், தமிழில் பேசிக்கொள்ளக்கூடிய இணைவகுப்பை அங்கே தேடுவது எளிது. முன்பின் அறிமுகமில்லாத பள்ளிக்கு அலுவல் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, உடன் படித்தவர், பயிற்சி முகாமில் அறிமுகமானவர், அறிவியல் இயக்கத்தில் இருப்பவர் என்று யாராவது ஒருவர் வழியாக ஓர் ஆசிரியரின் கைப்பேசி எண்ணைப் பெறுவதே விரைவில் பலன் தரும். பள்ளியின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும். ஆனால் மூன்று மாதம் தொய்வின்றி ஈடுபடப்போகிறவர் அந்த ஆசிரியர் என்பதால், முதலில் அவருடைய மனம் ஒப்ப வேண்டும்.

ஊர்கள் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிழை குறையும். சென்னையும் யாழ்ப்பாணமும்கூட ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில்தான் இருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டும் என்பதால் தொடர்புகொள்ளவும் சிக்கலில்லை. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே அட்சக்கோட்டு வேறுபாடு 3.4 பாகை மட்டுமே. குச்சியும் கோணமானியும் கொண்டு அளக்கும் சிறுவர்கள் அரைப் பாகை தவறுவது இயல்பு. சென்னை–யாழ்ப்பாணம் இணையில் அந்த அரைப் பாகை சுற்றளவில் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் பிழையாகிவிடும். நாகர்கோவில்–தில்லி இணையில் வேறுபாடு 20 பாகைக்கு மேல் இருப்பதால் அதே தவறு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரோடு நின்றுவிடும். கோலாலம்பூர், சிங்கப்பூர்ப் பள்ளிகளோடு செய்ய விரும்புவோர் அவை கிழக்கே வெகுதொலைவு தள்ளியிருப்பதால் வடக்கு–தெற்குத் தொலைவைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

இயன்றால் மூன்றாவதாக ஒரு வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் ஓர் ஊரில் மேகம் மூடிவிட்டாலும், ஓர் ஆசிரியர் இடமாறுதலில் போய்விட்டாலும், மிச்சமுள்ள இருவர் பணியை முடிக்கலாம்.

மூன்றாம் படி: நாள் குறித்தல்

புதியவர்களின் பெரும்பாலான திட்டங்கள் நாட்காட்டியில்தான் இடறுகின்றன. இரு பள்ளிகளின் தேர்வு, விடுமுறை, விழா நாட்களை ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. தில்லியில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். மத்திய வாரிய (சிபிஎஸ்இ) பள்ளிகளில் பிப்ரவரி நடுவில் பொதுத்தேர்வுகள் தொடங்கும்போது கீழ்வகுப்புகளின் கால அட்டவணையும் கலைந்துபோகும். வானிலையையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, தில்லியில் டிசம்பர் இறுதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பிப்ரவரி முதல் வாரம் மிஞ்சுகிறது.

மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22 வாக்கில், பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக வரும் சமபகல் நாளில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று பலர் நினைப்பதுண்டு. அன்று நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து விலகும் கோணம் அந்தந்த ஊரின் அட்சக்கோட்டு அளவாகவே அமைந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். என் பார்வையில் அந்த நாளைத் தவிர்ப்பதுதான் நல்லது, ஏனென்றால் சூட்டிகையான பிள்ளைகள் நிலப்படத்தைப் புரட்டி விடையை முன்பே எழுதிவைத்துவிடுவார்கள். ஜூன் மாதமும் முதல் முயற்சிக்கு ஆகாது. அப்போது சூரியன் நாகர்கோவிலுக்கு வடக்கே போய்விடுவதால் நண்பகல் நிழல் அங்கே தெற்கு நோக்கி விழும், தில்லியில் வடக்கு நோக்கி விழும். பூமியின் மையத்தில் அமையும் கோணத்தைப் பெற, இரு ஊர்க் கோணங்களையும் கழிப்பதற்கு மாறாகக் கூட்ட வேண்டும். பிப்ரவரியில் இரு ஊர்களிலும் நிழல் வடக்கு நோக்கியே விழுவதால் கழித்தால் போதும்.

ஒரு நாளைக் குறிக்காமல் அடுத்தடுத்த மூன்று நாட்களைக் குறியுங்கள். பிப்ரவரி 4, 5, 6 என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளும் இருவரும் அளந்து, இரு ஊரிலும் வெயில் இருந்த நாளின் அளவுகளை மட்டும் ஒப்பிட வேண்டும். இந்தப் பருவத்தில் சூரியனின் நண்பகல் உயரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 பாகை மாறுவதால், ஒருவருடைய நான்காம் தேதி அளவையும் மற்றவருடைய ஆறாம் தேதி அளவையும் சேர்த்தால் வீண் பிழை புகுந்துவிடும்.

இவ்வளவையும் இரு ஆசிரியர்களும் தங்களுக்குள் ஒரு பக்க அளவில் எழுதிக்கொள்வது நல்லது. யார் எதை எந்த நாளுக்குள் தருவார், பதில் எத்தனை நாளில் வரவேண்டும், வராவிட்டால் யாரைக் கேட்பது ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். இரண்டு வேலை நாளுக்குள் பதில் என்பது நியாயமான கெடு. மாணவர்களின் ஆர்வம் வடிந்துபோவது பெரும்பாலும் கடினமான பாடத்தால் அன்று, மறுபக்கத்து மௌனத்தால்தான்.

நான்காம் படி: ஒப்புதலும் பாதுகாப்பும்

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பொதுவான கூகுள் கணக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் அந்த எல்லைக்கு இப்புறமும் பாதிப் பேர் அப்புறமும் இருப்பார்கள். எனவே மாணவர் பெயரில் எந்தக் கணக்கும் தொடங்காமல், எல்லாப் பரிமாற்றத்தையும் ஆசிரியரின் கணக்கு வழியாகவே நடத்துவது சிக்கலற்ற வழி.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் அரைப்பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்தப் பள்ளியோடு, எதற்காக, எத்தனை நாள், பிள்ளையின் குரலோ படமோ எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள். நிழற்படம் எடுக்கும்போது குச்சியும் நிழலும் அளவுநாடாவும் கைகளும் தெரிந்தால் போதும், முகம் தேவையில்லை. மாணவர்கள் முதற்பெயரால் மட்டும் அறியப்படட்டும். தொலைபேசி எண்ணைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பதை வகுப்பில் காரணத்தோடு சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழு ஆசிரியர்களுக்குள் மட்டும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: குழுக்களும் ஒரே அட்டவணையும்

நாற்பது பேர் கொண்ட வகுப்பை ஐந்து பேர் வீதம் எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். குச்சியை நேராக நிறுத்துபவர், நேரம் சொல்பவர், நிழல் நுனியில் குறி வைப்பவர், அளப்பவர், எழுதுபவர் என ஐவருக்கும் ஒவ்வொரு வேலை. நாகர்கோவிலின் மூன்றாம் குழுவுக்குத் தில்லியின் மூன்றாம் குழு இணைக்குழு. நாற்பது பேர் நாற்பது பேரோடு பேசுவது நடவாத காரியம். ஐந்து பேர் ஐந்து பேரோடு பேசிப் பழகுவது நடக்கும். குழுக்களின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், ஆட்களின் எண்ணிக்கை சற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை.

கூகுள் ஷீட்ஸில் ஓர் அட்டவணை தொடங்கி, தேதி, ஊர், குழு எண், நட்ட பிறகு குச்சியின் உயரம், அளந்த நேரம், நிழலின் நீளம், நிழல் விழுந்த திசை, வானத்தின் நிலை என்று நெடுவரிசைகள் அமையுங்கள். உயரமும் நீளமும் சென்டிமீட்டரில் ஒரு தசம இடம்வரை என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குழு மில்லிமீட்டரிலும் இன்னொரு குழு அங்குலத்திலும் எழுதிவிட்டு இரு பக்கமும் ஒரு வாரம் குழம்பும். நெடுவரிசைத் தலைப்புகள் தமிழோடு ஆங்கிலத்திலும் இருக்கட்டும், ஏனென்றால் தில்லிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் அறிவியலை ஆங்கிலத்தில் படிப்பவர்களாக இருப்பார்கள். மாணவர்கள் முதலில் தாளில் எழுதட்டும். பிறகு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் தங்கள் வரிசையை நிரப்பட்டும். ஒரு பள்ளியின் வரிசைகளை மற்றப் பள்ளி பார்க்கலாம், திருத்த முடியாது என்ற பூட்டைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: அறிமுகமும் ஊகமும்

அளக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒவ்வொரு குழுவும் தன் இணைக்குழுவுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பட்டும். எழுத்தைவிடக் குரல் இங்கே நல்லது. தமிழ் எழுதத் தயங்கும் தில்லிப் பிள்ளைக்கும் ஆங்கிலம் எழுதத் தயங்கும் நாகர்கோவில் பிள்ளைக்கும் பேச்சு பொதுவான இடம். பெயர், பள்ளி மைதானம் எப்படியிருக்கும், நண்பகலில் அங்கே வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று பேசினால் அறிமுகமும் பாடத்தை விட்டு விலகாது.

கூடவே ஓர் ஊகமும் வேண்டும். ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் இரு ஊரிலும் எவ்வளவு நீளம் இருக்கும், எங்கே நீளம், ஏன் என்று ஒவ்வொரு குழுவும் அட்டவணையின் தனிப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். "எங்கள் ஊரில்தான் வெயில் அதிகம், அதனால் நிழலும் பெரிது" என்று யாராவது எழுதுவார்கள். திருத்தாதீர்கள். அளவுகள் வந்த பிறகு அவர்களே அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஏழாம் படி: அளக்கும் நாள்

இந்தியத் திட்ட நேரம் கிழக்கு 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாகர்கோவிலும் தில்லியும் அதற்கு ஏறக்குறைய ஐந்து பாகை மேற்கே இருப்பதாலும், பிப்ரவரித் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்தி வருவதாலும், இரு ஊர்களிலும் உண்மையான நண்பகல் 12 மணி 34 அல்லது 35 நிமிடத்துக்கு அமையும். இரு ஊருக்கும் இடையே ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. இதை மாணவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல், 12:15 முதல் 12:55 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் விழுந்த நேரமே நண்பகல் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். மதிய உணவு இடைவேளையோடு இது மோதும் என்பதால் தலைமையாசிரியரிடம் முன்னதாகவே பேசிவையுங்கள்.

நட்ட பிறகு தரைக்கு மேலே சரியாக ஒரு மீட்டர் நிற்கும் குச்சி, மட்டமான தரை, குச்சி செங்குத்தா என்று பார்க்க ஒரு நூலில் கட்டிய கல், அளவுநாடா, சுண்ணக்கட்டி: கருவிகள் இவ்வளவே. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகல வட்டமாக இருப்பதால் நிழல் நுனி ஓரிரு சென்டிமீட்டருக்கு மங்கித் தெரியும். அந்த மங்கலின் நடுவில் குறி வைக்க வேண்டும் என்று இரு பள்ளியும் ஒரே விதியைப் பின்பற்றட்டும். பிப்ரவரி 5 அன்று நாகர்கோவிலில் நிழல் ஏறத்தாழ 45 சென்டிமீட்டரும் தில்லியில் ஏறத்தாழ 99 சென்டிமீட்டரும் இருக்கும். ஆசிரியர்கள் இவ்வெண்களைத் தங்களோடு வைத்துக்கொள்ளலாம்.

அளக்கும் நேரத்தில் காணொளி அழைப்பு வைக்காதீர்கள். வெயிலில் கைப்பேசித் திரையும் தெரியாது, சத்தமும் கேட்காது, பிள்ளைகளின் கண் குச்சியில் நிற்காது. அளந்து முடித்தவுடன் ஆசிரியர்கள் இருவரும் "வெயில் இருந்தது, எட்டுக் குழுவும் அளந்தாயிற்று" என்று ஒரு வரிச் செய்தி அனுப்பிக்கொண்டால் போதும்.

எட்டாம் படி: எண்கள் வந்த பிறகு

உண்மையான கூட்டுக் கற்றல் இங்கேதான் நடக்கிறது. இதற்குக் குறைந்தது நான்கு பாடவேளை ஒதுக்குங்கள்.

முதலில் நிழலிலிருந்து கோணத்தைக் காண வேண்டும். முக்கோணவியல் தமிழ்நாட்டுப் பாடத்தில் ஒன்பதாம் வகுப்பிலும் மத்திய வாரியப் பாடத்தில் பத்தாம் வகுப்பிலும்தான் வருகிறது. ஆகவே இரு பக்கமும் வரைபடத்தாளில் பத்தில் ஒரு பங்கு அளவில் வரையட்டும்: குச்சிக்கு 10 சென்டிமீட்டர் செங்குத்துக்கோடு, நிழலுக்கு 4.5 சென்டிமீட்டர் கிடைக்கோடு, இரண்டையும் இணைக்கும் சாய்கோடு. குச்சியின் உச்சியில் கோணமானியை வைத்தால் நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 24 பாகையும் தில்லிக்கு 44 அல்லது 45 பாகையும் கிடைக்கும். இரண்டின் வேறுபாடு ஏன் பூமியின் மையத்தில் அமையும் கோணத்துக்குச் சமம் என்பதை ஒன்றுவிட்ட கோணங்கள் பாடத்தைக் கொண்டு விளக்கலாம். சூரியக் கதிர்களை இணைகோடுகளாகக் கொண்டால் படம் தானாக விளங்கும்.

அடுத்தது தொலைவு. இணைய நிலப்படத்தில் நேர்கோட்டில் அளந்தால் நாகர்கோவிலுக்கும் தில்லிக்கும் இடையே ஏறத்தாழ 2,260 கிலோமீட்டர். வேறுபாடு 20.4 பாகையாக இருந்தால், 360ஐ 20.4ஆல் வகுத்து 2,260ஆல் பெருக்க, ஏறத்தாழ 39,900 கிலோமீட்டர் வரும். துருவங்கள் வழியாக அளந்த உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். சில குழுக்கள் கட்டாயம் ரயில் தொலைவை எடுத்துக்கொள்ளும். கன்னியாகுமரியிலிருந்து தில்லிக்கு ரயில் பாதை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் என்பதால் அவர்களுடைய பூமி 51,000 கிலோமீட்டராகப் பெருத்துவிடும். அதை விட்டுப் பிடியுங்கள். பாதை வளைந்து போவதை அவர்களே சொல்லட்டும். நிலப்படச் செயலி அந்தத் தொலைவைச் சொல்வதற்கே பூமியின் அளவை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டுமே, பிறகு நாம் எதைக் கண்டுபிடித்தோம் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வகுப்பு நன்றாகப் போகிறது என்று பொருள். அந்தக் கேள்வியை அப்படியே மறுபக்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.

இனி இணைக்குழுவின் வேலை. ஒவ்வொரு குழுவும் தன் கணக்கைச் சரிபார்ப்பதற்கு மாறாக இணைக்குழுவின் வரிசையைச் சரிபார்க்க வேண்டும். நாகர்கோவில் மூன்றாம் குழு உயரம் 100, நிழல் 40.4 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்படி கோணம் 22 பாகைதான், வேறுபாடு 22.6 ஆகிவிடும், சுற்றளவு 36,000 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். மற்ற ஏழு குழுக்களும் 45ஐ ஒட்டி எழுதியிருப்பதைத் தில்லி மூன்றாம் குழு பார்க்கிறது. "தப்பு" என்று எழுதி அனுப்புவதை நீங்கள் தடுக்க வேண்டும். கேள்வியாக மட்டுமே அனுப்பலாம் என்பது விதி. "குச்சியோட உயரத்தை நட்டதுக்கு முன்னாடி அளந்தீங்களா, பின்னாடி அளந்தீங்களா?" என்று ஒரு குரல்பதிவு போகிறது. பத்து சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருந்தது நாகர்கோவில் பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. உயரத்தை 90 என்று திருத்தினால் கோணம் 24.2 பாகைக்கு வந்துவிடுகிறது. தன் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்திருந்தால் திருத்தி எழுதிவிட்டு மறந்துவிடும் பிள்ளை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு சக வயதினர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மைதானத்துக்கே திரும்பிப் போய்ப் பார்க்கும்.

கேள்வி கேட்கத் தெரியாத குழுக்களுக்கு நான்கு குறிப்புகள் போதும்: குச்சி செங்குத்தா, தரை மட்டமா, நிழலை குச்சியின் அடியின் நடுவிலிருந்து அளந்தார்களா, நுனியின் மங்கலில் எந்த இடத்தைக் குறித்தார்கள். பழைய எண்ணை அழிக்காமல் அடுத்த நெடுவரிசையில் திருத்திய எண்ணையும் காரணத்தையும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: காணொளிச் சந்திப்பும் மதிப்பெண்ணும்

இவ்வளவுக்கும் பிறகுதான் காணொளி அழைப்பு. இப்போது பேசிக்கொள்ள அவர்களிடம் பொருள் இருக்கிறது. அரை மணி நேரம் போதும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வகுப்பறையில் ஒரே ஒரு கருவியில் மட்டும் ஒலிவாங்கி திறந்திருக்க வேண்டும். இரண்டு திறந்திருந்தால் எதிரொலி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேசும் மாணவர் எழுந்து கருவியருகே வந்து பேசட்டும், கடைசி வரிசையிலிருந்து கத்தினால் மறுபக்கத்தில் இரைச்சல்தான் கேட்கும். ஒவ்வொரு குழுவும் தன் இணைக்குழுவின் முடிவை விளக்க வேண்டும். தன் முடிவைத் தானே விளக்கக் கூடாது. மின்சாரமோ இணைப்போ போய்விட்டால் அதே விளக்கத்தைக் குரல்பதிவாக அனுப்பிவிட்டு அடுத்த நாள் பதில் பெறுங்கள், சந்திப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள்.

மதிப்பெண்ணைச் சுற்றளவு 40,000க்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதை வைத்துப் போட்டால், எண்களைப் பொருத்தி எழுதும் பழக்கத்தை நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம். ஒவ்வொரு மாணவரும் தனியாக ஒரு பக்கம் எழுதட்டும்: இணைக்குழு எப்படி அளந்தது, அவர்களிடம் நாம் என்ன கேட்டோம், அவர்கள் நம்மிடம் என்ன கேட்டார்கள், அதனால் எந்த எண் மாறியது. அந்தப் பக்கத்துக்கே மதிப்பெண்.

பத்தாம் படி: விருப்பமிருந்தால் ஏப்ரலில் ஒருமுறை

ஏப்ரல் 10 அல்லது 11 அன்று சூரியன் நாகர்கோவிலின் நேர் உச்சியில் வரும். அது அங்கே நிழலில்லா நாள். அன்று 12:22 வாக்கில் நாகர்கோவில் குச்சிக்கு நிழலே இராது. சயீன் நகரம் எரட்டோஸ்தனிசுக்கு உதவியதுபோலவே, தில்லியின் கோணம் ஒன்றே கணக்குக்குப் போதும். ஒரு மீட்டர் குச்சிக்குத் தில்லியில் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் நிழல் விழும். பிப்ரவரியில் பழகிய குழுக்கள் இதை ஆசிரியர் உதவி அதிகமின்றியே செய்துவிடும். ஆனால் அப்போது தில்லிப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள், நாகர்கோவிலில் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்; எனவே அட்டவணையின் இணைப்பையும் குழுப் பட்டியலையும் தில்லியின் புதிய வகுப்பாசிரியரிடம் மார்ச் இறுதியிலேயே ஒப்படைத்து, நாகர்கோவிலில் அன்று தேர்வு முடிந்து வெளியே வரும் நேரம் எது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.